தூணைப் பார்த்துப் பிளான்ட் வாங்கு

வீட்டோடு சின்னதாக ஒரு வெல்டிங் வேலை தொடங்கப் போகிறேன், என்ன பிளான்ட் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு பொடியள் வருவார்கள். கடைக்குப் போகமுதல் வீட்டு மின்தூணைப் போய்ப் பார் என்று சொல்லி அனுப்புவேன். ட்ரான்ஸ்போமர் எத்தனை தூண் தள்ளி நிற்கிறது, இடையில் எத்தனை வீடும் எத்தனை தண்ணீர் மோட்டரும் அந்தக் கம்பியைப் பங்குபோடுகின்றன, பின்னேரம் எல்லாரும் லைற் போட்ட பிறகு மீற்றர் எத்தனை வோல்ற் காட்டுகிறது. வீட்டு மின்சாரம் 230 வோல்ற் என்பது ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கு. பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கைகளில், வயற்கரையை ஒட்டிய கடைசி வீட்டில், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற நேரம் 200கூடத் தேறாது. தூரம் கூடக்கூடக் கம்பியே வோல்ற்றைத் தின்னும். அதற்கு யாரைக் குறை சொல்வது?

எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்புத்தான். பழைய எண்ணெய்ப் பிளான்டில் 10 கேஜ் வெல்டிங் குச்சி, அதாவது 3.2 மில்லிமீற்றர், 120 அம்பியரில் எரிகிறது என்று வையுங்கள். குச்சி இரும்பைத் தொடாமல் நிற்கும்போது பிளான்டின் வாயில் 75 வோல்ற் அளவில் நிற்கும். 75ஐ 120ஆல் பெருக்கி 230ஆல் பிரித்தால், பிளான்ட் வீட்டிலிருந்து இழுப்பது 39 அம்பியர் என்று வரும். வீடு தாங்குவது 30. கொஞ்ச நேரம் எரியும், பிறகு ட்ரிப் விழும். அதற்கு முதலே வேலியால் எட்டிப் பார்த்து, "அண்ணை, பிள்ளை சோதினைக்குப் படிக்குது, லைற் மினுங்குது" என்பார்கள்.

இன்வேட்டர் பிளான்ட் வேறு சாதி. வருகிற மின்சாரத்தை முதலில் நேரோட்டமாக்கி, அதைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தரம் வெட்டி, உள்ளங்கையளவு ட்ரான்ஸ்போமருக்குள் விடுகிறது. அதே 120 அம்பியருக்கு அது வீட்டிலிருந்து இழுப்பது 20, 22 அம்பியர் மட்டில். 12 கேஜ் குச்சியை 80இல் வைத்து எரித்தால் 15க்குள் அடங்கும். தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போகலாம். வீட்டு வேலைக்கு இப்போது யார் கேட்டாலும் இன்வேட்டர்தான் சொல்கிறேன்.

ஆனால் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பவேண்டாம். நாலு கிலோகூட இல்லாத பெட்டியில் 300 என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். 300 அம்பியர் உண்மையாகவே வந்தால் குச்சி முனையில் 32 வோல்ற் அளவில் நிற்கும். இரண்டையும் பெருக்கினால் 9600 வாற்ஸ். உங்கள் வீட்டு இணைப்பு முழுதாகத் தரக்கூடியதே 6900 தான். இல்லாததை அந்தப் பெட்டி எங்கேயிருந்து எடுக்கும்? பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத் தகட்டில் டியூட்டி சைக்கிள் எத்தனை சதவீதம், எத்தனை அம்பியருக்கு என்று பாருங்கள். 60 சதவீதம் என்றால் 10 நிமிடத்தில் 6 நிமிடம் எரிக்கலாம், 4 நிமிடம் ஆறவிட வேண்டும். அதுவும் 40 பாகை வெக்கைக்குச் சொன்ன கணக்கு. ஆவணி மாதத்தில் கிளிநொச்சித் தகரக் கொட்டிலுக்குள் மத்தியானம் என்ன வெக்கை என்று அந்தத் தகட்டை எழுதினவருக்குத் தெரிந்திருக்காது. கடையிலேயே ஒரு 10 கேஜ் குச்சியைத் தொடக்கம் முதல் அடி வரை ஒரே மூச்சில் எரித்துக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்கிற கடையில் வாங்கவேண்டாம்.

நான் இரும்பு பழகியது கரண்டே இல்லாத காலத்தில். 1990க்குப் பிறகு வன்னிக்கு நாட்டின் மின்சாரம் வரவில்லை. இரும்பு, சீமெந்து, பற்றறி, பெற்றோல், டீசல் எல்லாம் பொருளாதாரத் தடைப் பட்டியலில். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஜெனரேற்றர் வைத்து ஒட்டுகிற ஒன்றிரண்டு கடைகள் இருந்தன, ஏழை விவசாயிக்கு அந்தக் கூலி எட்டாது. என்னைப் பழக்கியவர் ஒரு கொல்லர். அப்பு என்றுதான் கூப்பிடுவோம். உலை, துருத்தி, கரி, சுத்தியல், அரம். அவ்வளவுதான் பட்டறை.

சைக்கிள் முன்கவை முறிந்து வந்தால் அப்பு பித்தளையால் ஒட்டுவார். முறிந்த இரண்டு வாயையும் அரத்தால் வெள்ளை தெரியும்வரை அராவி, கைபடாமல் சேர்த்துக் கம்பியால் கட்டுவார். வெண்காரத்தைத் தண்ணீரில் குழைத்து மேலே பூசி, உடைந்த பிறைமஸ் அடுப்பின் பித்தளையைச் சின்னத் துண்டுகளாக வெட்டி அதற்குள் பதிப்பார். பிறகு உலை. துருத்தி என் கையில். வெண்காரம் முதலில் பொங்கும், பிறகு படிந்து கண்ணாடிபோல உருகி ஓடும். இரும்பு செம்மஞ்சளுக்கு வரும்போது பச்சை கலந்த வெள்ளைச் சுவாலை ஒன்று எழும்பும். பித்தளைக்குள் இருக்கிற நாகம் எரிகிறது. அந்தக் கணத்தில் பித்தளை தானாக இடுக்குக்குள் இறங்கும். "நிப்பாட்டு" என்பார். ஒரு மூச்சுப் பிந்தினால் நாகம் முழுக்க எரிந்து ஒட்டு பொருபொருத்துப் போகும். வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது என்பதால் இந்த வேலையை அவர் மைம்மலில்தான் வைத்துக்கொள்வார். சனத்தின் அரிசி, விறகு, நோயாளி எல்லாம் சைக்கிளில் போன காலம் அது. முன்கவை வழியில் கழன்றால் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்தது. வவுனியாவிலிருந்து லொறியில் சாமான் வரத் தொடங்கியபோதுதான் எண்ணெய்ப் பிளான்ட் ஒன்று வாங்கினேன், செப்புச் சுற்று. அலுமினியம் சுற்றியதும் அதே பெட்டியில் அதே நிறத்தில் வரும். தூக்கிப் பார்த்தால் பாரம் காட்டிக்கொடுக்கும். சந்தேகமென்றால் முனைக் கம்பியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். 2006 ஆவணியில் பாதை திரும்பப் பூட்டுப்பட்டது. 2008 கடைசியில் இடம்பெயர்ந்து போகும்போது பிளான்டின் எண்ணெயை வடித்து, பொலித்தீனால் சுற்றி, வைஸையும் சேர்த்துக் கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போனோம். அதன் பிறகு நடந்ததை இந்தக் கட்டுரையில் எழுதப்போவதில்லை. மீள்குடியேறி வந்தபோது குழி திறந்து கிடந்தது. செப்புக்கு எப்போதும் விலை இருக்கிறது. வைஸ் மட்டும் மண்ணுக்குள் கிடந்தது, துருவேறி, ஆனால் திருகு உடையாமல். மண்ணெண்ணெய்க்குள் ஊறவைத்து எடுத்தேன், இன்றைக்கும் அதுதான் மேசையில் நிற்கிறது.

எங்கள் வீட்டில் மட்டுமில்லை, நின்ற மற்ற வீடுகளிலும் கூரை, கதவு, நிலை, யன்னல் ஒன்றும் மிஞ்சவில்லை. 2012இலிருந்து இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டக்கட்டப் பகுதி பகுதியாக. சுவரும் கூரையும் எழும்பும்போதே காசு கரைந்துவிடும். மரக்கதவுக்கு ஓடாவியாரிடம் போக வழியில்லாதவர்கள் பொக்ஸ் பார் சட்டமும் தகரமும் போட்ட கதவுக்கு எங்களிடம் வந்தார்கள். தனியப் பிள்ளைகளை வைத்திருந்த தாய்மார் கிணற்றுக்கும் சமையலறைக்கும் முதல் யன்னல் கிறில்லைக் கேட்டார்கள். வன்னி எங்கும் வெல்டிங் கடைகள் முளைத்தது அந்த ஆண்டுகளில்தான்.

அப்போது யுத்தம் விட்டுப்போன இரும்பு கால் தடக்கும் இடமெல்லாம் கிடந்தது. லொறிச் சேசிஸ், குழாய், தடித்த தகடு. மலிவு என்று அள்ளிக்கொண்டு வருவார்கள். இந்த விஷயத்தில் என் பிடிவாதத்தால் நிறைய வேலை இழந்திருக்கிறேன், அதில் எனக்குக் கவலையில்லை. இரண்டு பக்கமும் அடைபட்ட எதையும் படலைக்குள் எடுக்கமாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத குழாயில் கிறைண்டர் வைப்பதும் கண்ணிவெடி வயலுக்குள் செருப்போடு போவதும் ஒன்றுதான். ஹலோ ட்ரஸ்ட், டாஷ் போன்ற கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களின் ஆட்கள் வெயிலில் முழந்தாளில் இருந்து அங்குலம் அங்குலமாகக் கிளறிய மண் இது. பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையையும் உயிரையும் இழந்தவர்கள் இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள். "சும்மா இரும்பு அண்ணை, கன நாளாக் கிடக்குது" என்று ஒருவர் எண்ணெய் பூசிய உருளை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மெல்ல வெளியே வந்து, அவரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு றோட்டுக்குப் போய்ப் பொலிசுக்கு அறிவித்தேன்.

வெடிமருந்துதான் வேண்டும் என்றில்லை. வெறும் டீசல் பரலே போதும். காலிப் பரல்தான் ஆபத்து, நிறைந்தது அல்ல. உள்ளே நிற்கிற ஆவிக்கு ஒரு பொறி காணும். உழவு இயந்திரத்து டாங்கி ஒழுகுகிறது என்று வந்தால் கழற்றி, கழுவி, ஒட்டவேண்டிய இடத்துக்குக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்துத்தான் தொடுவேன். பெற்றோல் டாங்கி அப்படியும் தொடுவதில்லை.

பிளான்டுக்கு வைத்திருக்கிற காசில் முதல் பங்கு கண்ணுக்குப் போகவேண்டும். குச்சி வேலைக்கு 10 அல்லது 11ஆம் இலக்கக் கண்ணாடி. வெயில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு இடத்தில் பொட்டு வைத்தால் அந்த நேரம் ஒன்றும் தெரியாது. சாமத்தில் கண்ணுக்குள் மணல் கொட்டினதுபோல இருக்கும். அதற்குத் தாய்ப்பால் விடுவார்கள், உருளைக்கிழங்கு வெட்டி வைப்பார்கள். ஆசுப்பத்திரிக்குப் போவதுதான் வழி. தானாக இருளுகிற முகமூடி இப்போது மலிவு. பாவிக்கலாம், ஆனால் பற்றறி ஓய்ந்ததா என்று காலையில் வெயிலுக்குக் காட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

புகையையும் சொல்லவேண்டும். நாகம் பூசிய ஜீஐ குழாயை அப்படியே ஒட்டினால் வெள்ளைப் புகை எழும்பும். இரவில் குளிர், நடுக்கம், காய்ச்சல், வாயில் இரும்பு ருசி. அடுத்த நாள் ஒன்றும் இல்லாததுபோலப் போய்விடும். முந்தி இதை மலேரியா என்று நினைத்து இரத்தம் சோதிக்கப் போனவர்கள் உண்டு. 2016இல் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்துவிட்டது. இந்தக் காய்ச்சல் மட்டும் வெல்டிங் பொடியளை விடவில்லை. ஒட்டுகிற இடத்தில் இரண்டு விரற்கடை பூச்சை அராவி எடுத்து, காற்று பக்கவாட்டில் அடிக்க நின்று ஒட்டுங்கள். பால் குடித்தால் சரி என்பது கதை.

பட்டறையில் ஆளைக் கொண்டுபோகக்கூடிய சாமான் எது என்று கேட்டால் நான் பிளான்டைக் காட்டமாட்டேன், நாலு அங்குலக் கிறைண்டரைக் காட்டுவேன். நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிற சாமான் அது. காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஏழு அங்குலத் தேய்ந்த வட்டை அதில் பூட்டுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. பெரிய வட்டு மெதுவாகச் சுற்றவென்று செய்தது. அந்த வேகத்தில் வெடித்தால் துண்டு எங்கே போகும் என்று யாரும் சொல்லேலாது. வெட்டுகிற மெல்லிய வட்டால் பக்கவாட்டில் அராவுவதும் அதே கதைதான். கிறைண்டர் நல்லதாக ஒன்று, வட்டு நல்லதாக ஒரு பெட்டி, பாரமான வைஸ், மூலைமட்டம், நாலு கிளாம்ப். பிறகுதான் பிளான்ட். கொழும்புக்குப் போக வாய்ப்புள்ளவர்கள் பழைய சோனகத் தெருவில் ஏறி இறங்கினால் வைஸ், கிளாம்ப் எல்லாம் ஒரே தெருவில் விலை கேட்டு வாங்கலாம். பாவித்த வைஸ் வாங்கப் பயப்படவேண்டாம். வாயைப் பூட்டி ஆட்டிப் பார்த்து, திருகின் புரி தேயவில்லை என்றால் எடுங்கள். பாவித்த இன்வேட்டர் வேண்டாம். உள்ளே எறும்பும் பல்லியும் கிறைண்டர்த் தூளும் என்ன செய்து வைத்திருக்கின்றன என்று வெளியே தெரியாது.

குச்சிக்கு வருவோம். வீட்டு வேலைக்கு 6013 போதும். 60 என்பது சதுர அங்குலத்துக்கு 60 ஆயிரம் இறாத்தல் இழுவை தாங்கும் என்பது. குச்சியின் மேலே இருக்கிற பூச்சை அழகுக்கென்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது எரிந்து வருகிற புகையும் கசடும்தான் உருகின இரும்பைக் காற்றிலிருந்து காக்கிறது. கப்பல் கொதிகலன் திருத்திக்கொண்டிருந்த ஒஸ்கார் கெல்பேர்க் என்ற சுவீடன்காரர் நூறு வருசத்துக்கு முன் கண்டுபிடித்த வழி. 1904இல் அவர் தொடங்கிய ஈசாப் கம்பனியின் குச்சி இன்றும் கடைகளில் இருக்கிறது. மாரியில் அந்தப் பூச்சு ஈரம் குடித்தால் ஒட்டில் துளை துளையாக வரும். பழுதான குளிர்சாதனப் பெட்டி ஒன்றுக்குள் ஒரு குண்டு பல்ப்பை எரியவிட்டுக் குச்சியை வைத்தால் மாரி முழுக்கத் தாங்கும். 7018க்கு அது காணாது, அதைச் சூளைச் சூட்டில் காயவைக்க வேண்டும்.

கால போகத்துக்கு முதல் மழை விழுந்த கையோடு வருகிற வேலைகளில் பாதி லாண்ட்மாஸ்ரர்ப் பெட்டியின் இழுவைச் சட்டம். வெடிப்பு மயிரிழைபோல ஓடியிருக்கும். மேலால் ஒரு வரி ஓடிவிட்டுக் காசு வாங்குகிற கடைகள் இருக்கின்றன; அடுத்த மூட்டைப் பாரத்துக்கே அது திரும்பிவரும். நான் முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வெடிப்பு எங்கே முடிகிறது என்று தேடுவேன். அந்த முனையில் சின்னத் துளை ஒன்று. அது இல்லாவிட்டால் ஒட்டின பிறகும் வெடிப்பு அந்தப் பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு கிறைண்டரால் வெடிப்பு முழுதும் போகும்வரை பள்ளமாக அராவி, அடி வரியை 12 கேஜில், கசடு தட்டி, கம்பித் தூரிகை போட்டு, மேல் வரியை 10 கேஜில். ஏர்த்தை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், பெயின்ற் சுரண்டின இரும்பில் கவ்வவேண்டும். தூரத்தில் கவ்வினால் கரண்ட் சில்லுப் பெயரிங்குக்குள்ளால் போய் அதைத் தின்னும். நாலு சில்லு உழவு இயந்திரமென்றால் பற்றறி வயரைக் கழற்றாமல் குச்சியைத் தொடக்கூடாது, ஓல்டனேற்றர் போய்விடும். இவ்வளவும் செய்து முடிக்க, "விதைப்புக்குப் பிந்துது அண்ணை, ஒரு வாளி தண்ணி ஊத்துங்கோவன்" என்பார்கள். ஊற்றமாட்டேன். சூட்டோடு தண்ணீர் பட்டால் ஒட்டின் கரை இறுகி முறுகிப்போகும், பாரம் ஏறக் கண்ணாடி மாதிரி உடையும். தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. டீசலும் இல்லை. கரண்ட் வருகிற நேரத்தைப் பார்த்துச் சாமத்தில் எழும்பி ஒட்டினோம். அந்த ஆவணியில் கரண்ட் கட்டணம் 75 சதவீதம் கூடியது, 2023 மாசியில் இன்னொரு 66. குச்சி, வட்டு, பொக்ஸ் பார் எல்லாம் டொலரோடு ஏறின. அப்போது கிழமைக் கடனில் பெரிய பிளான்ட் எடுத்து வைத்திருந்தவர்கள்தான் முதலில் கடையைப் பூட்டினார்கள். எங்கள் வேலை கிழமைக்குக் கிழமை வருகிற வேலை இல்லை. விதைப்புக்கு முதல், அறுவடைக்கு முதல், கல்யாண மாதம் என்று கூட்டமாக வரும், இடையில் ஓய்ந்து கிடக்கும். கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடன் அதற்குப் பொருந்தாது. சின்னதாக வாங்கி, அது உழைத்துத் தருகிற காசில் அடுத்ததை வாங்குங்கள்.

இப்போது பழகுகிற பிள்ளைகளுக்கு வசதி இருக்கிறது. அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு கட்டிய தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பட்டறையில் பழகினவர்களும் செய்துகாட்டி என்விகியூ சான்றிதழ் எடுக்கலாம். வெளிநாடு போக நினைக்கிறவர்கள் அதை எடுக்காமல் ஏஜென்சிக்குக் காசு கட்டக்கூடாது. ஆனால் கூலி பேசுகிற வித்தையை எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை. எங்கள் சனம் பக்கத்தில் நின்று குச்சியை எண்ணும். "ஆறு குச்சிதானே அண்ணை முடிஞ்சது" என்று ஆறு குச்சியின் விலையை நீட்டும். அராவின நேரம், தேய்ந்த வட்டு, கரண்ட், சாமான் தேய்மானம் அந்த எண்ணிக்கையில் வராது. அதனால் குச்சியை எடுக்க முதலே முழு வேலைக்கும் விலை சொல்லிவிடுங்கள். அறுவடை முடியத் தருகிறேன், நெல்லாகத் தருகிறேன் என்பவர்களுக்கும் செய்துகொடுக்கத்தான் வேண்டும், எங்கள் ஊரில் வேறு வழியில்லை. மூட்டைக்கு என்ன விலை என்பதை மட்டும் அன்றைக்கே பேசி முடித்துக்கொள்ளுங்கள். எல்லா வயலும் ஒன்றாக வெட்டுப்படுகிற நேரம் நெல் விலை விழுந்துதான் கிடக்கும்.